அலகு குத்திய கன்னம்

மச்சினன் சுகுமாறனுக்குக் கமலநாதன் தர வேண்டியது இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது வெள்ளி. கிள்ளானில் லோரிக்குச் சாமான் ஏற்றி இறக்கும் கூலிக்கு அது மலை. கன்னத்துக் கட்டியை எடுக்க வாங்கிய கடன்.

முந்தின வருடம் தைப்பூசத்தில், மகள் இந்துஜா பிழைக்க வேண்டுமென்று பத்துமலைக்கு அலகு குத்திப் போனான். பிள்ளைக்கு இரத்தத்தில் நோய். சித்திரை பிறக்குமுன் போய்விட்டாள். பிறகுதான் குத்திய இடத்தில் தோல் தடித்துப் புளியங்கொட்டை மாதிரி புடைத்தது. அலகு குத்தினால் தழும்புகூட நிற்காது என்பார்கள். இவனுக்கு நின்றதும், விரதத்தில் ஏதோ குறை வைத்துவிட்டான், அதான் பிள்ளையும் தங்கவில்லை என்று பேச்சு கிளம்பியது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். ஆனால் மனைவி லோகேஸ்வரி அவன் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். சோறு போடும்போதும் தட்டைத்தான் பார்ப்பாள். அவளும் அதையே நினைக்கிறாள் என்று முடிவு கட்டினான்.

சாமிக் குற்றம் ஒன்றுமில்லை, சிலருடைய தோல் அப்படி என்றார் டாக்டர். வெறுமனே வெட்டினால் திரும்ப வளருமாம். வெட்டின மறுநாளே மேல்தோலுக்கு மட்டும் எக்ஸ்ரே கதிர் வைக்க வேண்டுமாம். கட்டியை வெட்டிய மறுநாள் கோலாலம்பூரில் படுக்கவைத்துக் கண்ணை மறைத்து, ஓட்டை வெட்டிய ஈயத் தகட்டை முகத்தில் வைத்து, குழாயைக் கன்னத்தோடு ஒட்டினார்கள். சூடில்லை, வலியில்லை. அலகு குத்தியபோதும் வலிக்கவில்லை. அன்றைக்கு மகள் அம்மா இடுப்பில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையல் பிரித்த மாலை சுகுமாறன் வந்தான். கார் தவணை கட்டக் காசு தேவைப்பட்டது அவனுக்கு.

“மச்சான், மறுபடி மாப்பிள்ளை ஆயிட்டீங்க லா” என்று சிரித்தான்.

தேத்தண்ணீரோடு வந்த லோகேஸ்வரி அப்படியே நின்றாள். வெகுநாளைக்குப் பிறகு புருஷன் முகத்தை நேராகப் பார்த்தாள். இவன் மனம் குளிர்ந்தது. குவளைகளை வைத்துவிட்டுக் கை நீட்டி, கட்டி இருந்த இடத்தைத் தடவினாள்.

“நீங்க விரதத்துல குறை வைக்கலன்னு எனக்குத் தெரியாதா? அந்தக் கட்டியப் பாத்தா அழுகை வரும், அதான் முகத்தப் பாக்கல. நீங்க தூங்கினப்புறம் தொட்டுக்குவேன். பாப்பாவுக்குன்னு செஞ்சதுல அது ஒன்னுதான் மிச்சம் இருந்துச்சு.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கமலநாதனின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை.

சுகுமாறன் தேத்தண்ணீரைத் தொடவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, வெளியே பார்த்தபடியே சொன்னான்.

“அந்தக் காசு வேணாம் மச்சான். இதுக்குப் போயி நான் எப்படி வாங்குறது.”

இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது வெள்ளி அத்தோடு போயிற்று.