இரண்டு ஆள் வேலை

விடியும் முன்பே சமையலறை மேஜையில் உட்கார்ந்து குப்பை அள்ளிக்கொண்டிருந்தேன். கையில் கூடை கிடையாது, மடிக்கணினிதான். யார் எங்கே விழுந்தாலும் அவருக்குப் பக்கத்தில் எந்த ஆம்புலன்ஸ் நிற்கிறது, எந்தத் தெரு வழியாகப் போனால் சீக்கிரம் என்று சொல்லும் மென்பொருள் எங்கள் கம்பெனியுடையது. அதன் வயிற்றில் பழைய பதிவுகள் சேர்ந்து மூச்சு முட்டும்போது அலாரம் போன் கத்தும். முறை வைத்து எங்களுக்குள் கைமாறும் போன் அது. யார் முறையோ அவர் எழுந்து சரிசெய்ய வேண்டும். ஓடுகிற வண்டிக்கு அடியில் படுத்துச் சக்கரம் மாற்றுகிற மாதிரி வேலை. வண்டி நிற்கக் கூடாது.

கழுத்தில் ஒரு நரம்பு கயிறாக முறுக்கியிருந்தது. கண்ணுக்குள் மணல். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் எறும்புச் சாரையாக ஏறிக்கொண்டிருந்தன; ஓர் எறும்பு தப்பாகத் திரும்பினாலும் பிடித்தாக வேண்டும். சுரங்கத்திலிருந்து ஏறி வருகிறவன் முகத்தில் கரியாவது இருக்கும், உழைத்தான் என்று உலகம் நம்பும். என்னிடம் இருக்கிற ஒரே அத்தாட்சி தொப்பை. அதைக் காட்டினால் யாரும் நம்புவதில்லை.

“முடிஞ்சுதாங்க?” மனைவி கதவில் சாய்ந்து நின்றாள்.

“முடிஞ்சுது.”

“பொய் சொல்றப்ப முகத்தப் பாத்துச் சொல்லணும்.”

“கண்ணு திறந்தாத்தானே பாக்க.”

“நல்லா இருக்கு. தாலி எனக்கு, குடித்தனம் அந்த போனோட.” சொல்லிக்கொண்டே என் பின்கழுத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். திட்டும்போதுதான் அவள் கை இதமாக இருக்கும். அதனால் நான் பதில் பேசுவதில்லை.

அலுவலகம் போனதும் போனை டேட்டாக்காவிடம் கொடுத்தேன். தகவல் கிடங்கைக் கவனிப்பவர் அவர். டேட்டா அக்கா என்று கூப்பிடப் போய் அது சுருங்கி ஒட்டிக்கொண்டது. எங்கள் கூட்டத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் தங்காது. நிரல் எழுதும்போது வரி முடிவில் அரைப்புள்ளி வைக்க மறந்து மறந்தே பேர் வாங்கிய பையன் அரைப்புள்ளி. நாங்கள் எழுதுவதைச் சோதித்துக் குற்றம் சொல்வதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர் குத்தம் அண்ணன். நாற்பதைத் தாண்டியும் மேலாளர் ஆகாமல் நிரல் எழுதிக்கொண்டிருக்கிற நான் தாத்தா. மற்ற தொழிலில் நாற்பது வயதுக்காரனைத் தம்பி என்பார்கள். எங்கள் தொழிலில் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க வைப்பார்கள்.

காலையில் நாங்கள் முதலில் பார்ப்பது அரட்டைத் திரையில் இருக்கிற பெயர்களை. வேலையில் இருப்பவர் பெயர் கறுப்பு. நீக்கப்பட்டவர் பெயர் சாம்பல் நிறமாகிவிடும். அவரைக் கூப்பிட்டுச் சொல்லும் சமாதானப் பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். சில மாதங்களாகச் சாம்பல் கூடிக்கொண்டே வந்தது. டேட்டாக்காவின் வீட்டுக்காரரும் எங்களோடு இருந்தவர்தான். போன தடவை சாம்பலானார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு எரிவது அக்காவின் பெயர் கறுப்பாக இருப்பதால்.

முன்பு எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஓடும் அமைப்பில் கை வைக்குமுன், கட்டளையைத் தட்டியவர் விரலை எடுத்துவிடுவார். பக்கத்தில் இருப்பவர் அதைச் சத்தமாக வாசிப்பார்: திரையில் எந்தச் சன்னல், எதன்மேல், என்ன செய்யப் போகிறது. வாசித்துவிட்டுப் “போடு” என்பார். அப்புறம்தான் விரல் இறங்கும். கம்பெனி விதியே அதுதான். ஆள் குறையக் குறைய, பக்கத்தில் உட்கார ஆள் இல்லாமல் வாசிப்பும் நின்றுபோனது. பதிலுக்கு முதலாளி ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளனை வாங்கிப் போட்டார். எதைக் காட்டினாலும் “மிகச் சிறப்பான கட்டளை” என்று பாராட்டும். என் வாழ்நாளில் இவ்வளவு பாராட்டை நான் வாங்கியதில்லை. அதனாலேயே எனக்கு அதன்மேல் சந்தேகம்.

“தூங்குனீங்களா அக்கா?” என்று மறுநாள் காலை கேட்டான் அரைப்புள்ளி.

“கண்ண மூடுனேன்டா. அது தூக்கந்தானான்னு குத்தம் அண்ணன்தான் சோதிச்சுச் சொல்லணும்.”

“தேறாது,” என்றார் குத்தம் அண்ணன், அக்காவின் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே.

கொஞ்ச நேரத்தில் அது நடந்தது. அக்காவின் திரையில் இரண்டு சன்னல்கள் திறந்திருந்தன. ஒன்று ஒத்திகைக்கு வைத்திருக்கிற நகல். இன்னொன்று நிஜமாக ஓடுகிற அமைப்பு. இரண்டும் கறுப்பு, இரண்டிலும் ஒரே எழுத்து. வண்டிகள் நிற்கும் இடங்களை நகலில் அழித்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். பல் தேய்க்கிற மாதிரி அன்றாடம் செய்கிற வேலை. தட்டினார்.

எங்கள் சுவரில் ஒரு பெரிய வரைபடம் உண்டு. ஆம்புலன்ஸ்கள் அதில் புள்ளிகளாக ஊர்ந்துகொண்டிருக்கும். எல்லாப் புள்ளிகளும் ஒன்றாக அணைந்தன. தெருக்கள் மட்டும் மிச்சம். ஊரில் ஒரு வண்டியும் இல்லை.

அக்கா கத்தவில்லை. “தப்பான சன்னல்,” என்றார் மெதுவாக, வேறு யாரோ செய்ததைச் சொல்வதுபோல.

அதற்குப் பிறகு யாரும் உட்காரவில்லை. ஆம்புலன்ஸ் சேவையின் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் ஓட்டுநர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு, எங்கே இருக்கிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் முந்தைய பிரதியை எடுத்துத் திரும்ப நிரப்பினோம். அரைப்புள்ளி ஒரே வரியைத் திரும்பத் திரும்பத் தப்பாகத் தட்டினான். அவன் விசைப்பலகையை நான் வாங்கிக்கொண்டேன், நானும் தப்பாகத் தட்டுவதை அவன் பார்த்துவிட்டான். புள்ளிகள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன. அதற்குள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த ஓர் அம்மாவுக்கு வண்டி தாமதமாகப் போயிருந்தது. உயிர் இருக்கிறது என்றார்கள். அதற்குமேல் கேட்க எங்களுக்குத் தைரியம் இல்லை.

மத்தியானம் முதலாளி என்னை மட்டும் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். அவரைச் சார் என்று கூப்பிட்டால் பிடிக்காது, பிரதர் என்று கூப்பிட வேண்டும். இத்தனை சகோதரர்களைத் தெருவில் விட்ட மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

“உட்காருங்க பிரதர். கழுத்து வலி எப்படி இருக்கு?”

கழுத்து வலியை நான் மனைவியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன் என்று நினைத்திருந்தேன். அரட்டைத் திரையில் ஒருமுறை டேட்டாக்காவுக்கு எழுதியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது; அதையும் இவர் வாசிக்கிறார்.

“இருக்குங்க சார்.”

“பிரதர்.”

“இருக்குங்க பிரதர்.”

“அந்த போன் உங்களுக்கு இனிமே வேண்டாம். குழுத் தலைவரா போட்டுடலாம்னு இருக்கேன். பொழுதோட வீட்டுக்குப் போங்க, பொண்ணோட உக்காந்து சாப்பிடுங்க. வேலை மட்டும் போதுமா? வாழ்க்கையும் வேணும்ல?”

“வேணுங்க.”

“நாளைக்கு ஆம்புலன்ஸ் சேவைக்காரங்க வர்றாங்க. என்ன நடந்துச்சுன்னு கேப்பாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. ரெண்டு பேர் பாக்கணும்னு விதி இருக்கு, அந்தம்மா அத மீறித் தனியா செஞ்சிட்டாங்க. இவ்வளவு சொன்னாப் போதும்.”

“ரெண்டாவது ஆளத்தான் நீங்க அனுப்பிட்டீங்களே.”

“ஆளத்தான் அனுப்பினேன். விதிய எடுக்கலையே.”

சிரித்துக்கொண்டே சொன்னார். அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. நாங்கள் எல்லோரும் தினம் தினம் அந்த விதியை மீறிக்கொண்டிருந்தோம். மீறாமல் வேலை செய்ய வழியே வைக்கவில்லை அவர். கயிறு எங்கள் எல்லோர் கழுத்திலும் எப்போதோ விழுந்துவிட்டது. இழுக்கிற நாள் மட்டும் அவர் கையில் இருந்தது.

“இந்தப் பழி ஒட்டிக்கிட்டா அவங்கள வேற எந்தக் கம்பெனியும் எடுக்காதுங்க.”

“நாம ஒரு குடும்பம் பிரதர். குடும்பத்துல சில நேரம் கஷ்டமான முடிவு எடுக்கணும்.”

“எங்க குடும்பத்துல கஷ்டமான முடிவுன்னா, யாரு பாத்திரம் தேய்க்கிறதுங்கறதுதான். ஆள வெளிய தள்ற வழக்கம் இல்லீங்க.”

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணிலிருந்து மட்டும் இறங்கிப் போய்விட்டது. “காலைல சொல்லுங்க. ஆமா, உங்க முறைலயும் தனியாத்தானே செஞ்சிருக்கீங்க? பாத்தேன்.”

சாயங்காலம் வீட்டில் சொன்னேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“பொழுதோட வந்துருவீங்களா?”

“வந்துருவேன்.”

“எவ்வளவு நாளா கேட்டது.” என் சட்டை ஒன்றை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். “வந்து என்ன பண்ணுவீங்க?”

“சாப்பிடுவேன். பொண்ணோட பேசுவேன்.”

“டேட்டா அத்தை ஏம்ப்பா இப்பல்லாம் நம்ம வீட்டுக்கு வர்றதில்லன்னு அவ கேப்பா. அதுக்கும் ஒரு பதில யோசிச்சு வச்சுக்கங்க.”

சட்டையை மடித்து அடுக்கில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். இவ்வளவு பெரிய ஓட்டையை இவ்வளவு சின்ன வரியில் குத்தம் அண்ணன்கூடக் காட்டியதில்லை.

மறுநாள் சீக்கிரமே எல்லோரையும் கட்டடத்துக்கு வெளியே வாசல் படிக்கு வரச் சொன்னேன். முதலாளி சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன், எனக்குத் தருவதாகச் சொன்ன பதவி உட்பட. அதைச் சொல்லும்போது மட்டும் என் செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

“குழுத் தலைவரா?” என்றான் அரைப்புள்ளி. “வாழ்த்துகள் தாத்தா.”

“உதை வாங்குவ. விதி இருக்குன்னு அவர் வாயாலயே சொல்லிட்டாரு. அப்ப விதிப்படி நடப்போம். ரெண்டு பேர் இல்லாம யாரும் எதையும் தொட வேண்டாம்.”

“பாதி வேலை நின்னுருமே.”

“நிக்கட்டும்.”

“இதுல ஒரு ஓட்டை இருக்கு,” என்றார் குத்தம் அண்ணன். “அலாரம் அடிச்சா? முதலாளி மேல கோவம்னு ஆம்புலன்ஸ நிறுத்த முடியுமா?”

டேட்டாக்காதான் பேசினார். அழுது முடித்த குரல்.

“அலாரத்த விடக் கூடாது. அத ரெண்டு பேரா எடுப்போம், யாருக்கு முறையோ இன்னொருத்தர் கூட இருக்கட்டும். புதுசா சேக்கறது, மினுக்கறது, அவர் ஊருக்குக் காட்டறதுக்குக் கேக்கறது, அத்தனையும் நிக்கட்டும்.” கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையை விரலால் தடவிக்கொண்டார். “அந்த அம்மாவுக்கு வண்டி லேட்டாச்சு. அத நான் செஞ்சேன். இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா நான் மட்டும் செஞ்சேன்னு சொல்ல விட்றாதீங்க.”

குத்தம் அண்ணன் தொண்டையைச் செருமினார். “சரி. இதுல குத்தம் இல்ல.” அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியத்தை நாங்கள் யாரும் அதுவரை கேட்டதில்லை.

உள்ளே போகக் கிளம்பினோம். அக்கா தன் அட்டையைக் காட்டியபோது கதவு சிவப்பாகச் சிமிட்டியது. மறுபடி காட்டினார். மறுபடி சிவப்பு. அரைப்புள்ளி தன் போனைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் திரையை எங்கள் பக்கம் திருப்பினான். அக்காவின் பெயர் சாம்பலாகியிருந்தது.

“அட்டை வேலை செய்யலைன்னா விட முடியாதும்மா,” என்றார் காவலாளி. அவருக்கு அதைச் சொல்லப் பிடிக்கவில்லை. “எனக்கும் வேலை வேணும்.”

“உங்கள யாரும் சொல்லலண்ணே. நீங்க கதவப் பாருங்க. நாங்க இங்கயே இருந்துக்கறோம்,” என்றேன்.

படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்தோம். மடிக்கணினிகளைத் திறந்தோம். காவலாளி கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு தன் ஸ்டூலைக் காலால் நகர்த்தினார். அதன் பின்னால் மின்சார பிளக் பாயின்ட் இருந்தது.

உட்கார்ந்த சூடு ஆறுமுன் அலாரம் போன் கத்தியது. அதே குப்பை, அதே மூச்சுத் திணறல். என் மடியில் கணினி, பக்கத்தில் அக்கா. கட்டளையைத் தட்டினேன். விரலை எடுத்தேன். அவர் குனிந்து சத்தமாக வாசித்தார்.

“ஓடுற அமைப்பு. சரி. வண்டிப் பதிவு. சரி. போன மாசத்துக்கு...” நின்றார். “தாத்தா, அடையாளம் திரும்பியிருக்கு. போன மாசத்துக்கு முன்னால இருக்கறத அழிக்கணும். நீங்க பின்னால இருக்கறத அழிக்கப் பாக்கறீங்க.”

பார்த்தேன். உண்மைதான். பழையதை விட்டுவிட்டு, இன்று காலை வரைக்கும் வந்த எல்லா அழைப்புகளையும் துடைக்க இருந்தேன். அந்த ஒரு குறியைத் திருப்பினேன். அவர் முதலிலிருந்து மறுபடி வாசித்தார்.

“போடுங்க,” என்றார்.

போட்டேன். போன் அடங்கியது.

நிமிர்ந்தபோது முதலாளி வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

“என்ன பிரதர் இது, நடைபாதைக் கடையா?”

“உள்ள போக அட்டை வேலை செய்யலீங்க.”

“உங்க அட்டை வேலை செய்யுமே.”

“செய்யும். என்னோட ரெண்டாவது ஆளு இவங்க. அவங்க இல்லாம தொட்டா விதிய மீறின மாதிரி ஆயிரும்.”

“அவங்களோட அனுமதிய ரத்து பண்ணியாச்சு.”

“அவங்க எதையும் தொடலீங்க. வாசிக்கறாங்க. அதுக்குக் கண்ணு இருந்தாப் போதும்.”

அவர் பதில் தேடிக்கொண்டிருக்கும்போது பின்னால் கதவு திறந்தது. கீழ்த்தளத்தில் வாடிக்கையாளர்களின் போன்களை எடுத்துத் திட்டு வாங்குகிறவர்கள் அக்காவின் பெயர் சாம்பலானதைப் பார்த்துவிட்டுக் கும்பலாக வெளியே வந்தார்கள். நாங்கள் செய்கிற ஒவ்வொரு தப்புக்கும் முதல் அடி அவர்களுக்குத்தான் விழும். இருந்தும் நாங்கள் அவர்களோடு தேநீர்கூடக் குடித்ததில்லை. அவர்களில் ஒரு பெண், காதில் இன்னும் ஹெட்போன் தொங்க, அக்காவுக்குக் கீழ்ப் படியில் வந்து உட்கார்ந்தார்.

“நேத்து அந்த அம்மாவோட பையன் கூப்பிட்டாரு,” என்றார் அக்காவிடம். “நான்தான் பேசினேன். இன்னும் ஐசியூலதான் இருக்காங்களாம். ஆனா பேசறாங்களாம்.”

அக்கா முகத்தை மூடிக்கொண்டார். அந்தப் பெண் அவர் முழங்காலில் கை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

தெருமுனையில் ஆம்புலன்ஸ் சேவைக்காரர்களின் கார் திரும்பியது. முதலாளி குரலைத் தாழ்த்தினார். “சரி. வர்றவங்க பாத்தா அசிங்கம். மேல வாங்க, பேசலாம். ஒவ்வொருத்தரா.”

“ஒவ்வொருத்தரா வர்றதில்லீங்க.” சொன்னது அரைப்புள்ளி. பார்வையைத் தாழ்த்தவில்லை.

எழுந்தோம். அதாவது, மற்றவர்கள் எழுந்தார்கள். எனக்குக் கால் மரத்துப்போயிருந்தது. புரட்சிக்கு இப்படி ஒரு ஆள் தேவைதானா என்று நினைத்துக்கொண்டேன். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள்.

காவலாளி கதவின் கைப்பிடியைப் பற்றியபடி முதலாளியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். கதவு இன்னும் திறக்கவில்லை.

“உள்ள எத்தன பேரு போறீங்க?” என்று கேட்டார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

“எல்லாரும்,” என்றார்.