நெறி என்றுதான் சொன்னாள்

...நெறி கட்டியிருக்கு, அவ்வளவுதான் அம்மா, என்றுதானே தர்மிளா சொன்னாள், காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் கட்டும், பல்லு வீங்கினால் கழுத்தில் கட்டும், எனக்குக் கட்டாத நெறியா, நானும் நம்பினேன், டொக்டர் பிரெஞ்சில் கங்லியோன் என்றார், இவள் நெறி என்றாள், இம்யுனிதே என்றார், எதிர்ப்புச் சக்தி குறைஞ்சு போச்சாம் என்றாள், எல்லாம் சரி, அந்த லாம்ஃபோம் என்ற சொல்லை மட்டும் எங்கே விழுங்கினாள்? அதைச் சொல்ல லாபோவில் இரத்தம் எடுக்கிற பிலோமினா வேண்டியிருந்தது. இன்றைக்குத் தர்மிளாவுக்கு வகுப்பு, தனியாகத்தான் போனேன், புதுச்சேரிக்காரி, தமிழ் கதைக்கிறாளே என்று சந்தோஷப்பட்டேன், டொக்டரின் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "செவ்வாய்க்கிழமை மொத ஷிமியோ மருந்து ஏத்துறாங்களா? பயப்படாதீங்க அக்கா, நிணநீர்ப் புற்றுநோய்க்கு இப்ப நல்ல மருந்து இருக்கு" என்றாள், எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் சொன்னாள், பாவம், என்னைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போயிற்று... "உங்க பொண்ணு சொல்லலையா?"

சொன்னாளே, உடம்புக்குச் சத்து மருந்து ஏத்துவினம் என்று, அவள் விரல் வைத்துக் காட்டின இடமெல்லாம் கையெழுத்தும் போட்டேனே... தலைக்கு மேலே பாலத்தில் மெத்ரோ இரைந்துகொண்டு போகிறது, மரக்கறிக் கடைக்காரர் "அக்கா, நல்ல முருங்கைக்காய் வந்திருக்கு" என்கிறார், இவருக்கும் தெரியுமோ? என் மனுசனுக்குத் தெரியும், நிச்சயம் தெரியும், இருபத்தாறு வருசமாக ஒரு கோப்பை கழுவாத தவரத்தினம் மூன்று கிழமையாக எனக்குச் சூப் வைத்துத் தருகிறார், வயது போகப் போகத் திருந்திவிட்டார் என்று நானும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன், நினைக்கவே கூசுகிறது. என் கழுத்து, என் வருத்தம், வீட்டில் எனக்கு மட்டும் தெரியாது. தன் பத்து வயதிலிருந்து என் வாய் தர்மிளாதான், விசா கந்தோரில், வீட்டுக்காரனிடம், ஆஸ்பத்திரியில்... எத்தனை இடத்தில் இப்படி மாற்றிச் சொன்னாளோ? யாரிடம் போய்க் கேட்பேன்? வேறு யார் பொய் சொன்னாலும் தாங்கியிருப்பேன்.

போன மாதம் டொக்டரிடமிருந்து வந்து கார் து நோர் ரயில் நிலைய வாசலில் நின்று விம்மி விம்மி அழுதாள், ஏனடி என்றால், பரீட்சை பெயில் அம்மா என்றாள், எனக்கு வந்ததே கோபம், போகிற வருகிற சனமெல்லாம் பார்க்க, "உனக்காக மாடாய் உழைக்கிறம் இஞ்சை, வெக்கமில்லையோ உனக்கு?" என்று கத்தினேன், "ஓம் அம்மா, இனிப் படிக்கிறன்" என்று தலையைக் குனிந்துகொண்டாள், வீடு வரைக்கும் ஏசிக்கொண்டே வந்தேன்... அப்படியென்றால் அந்தப் பரீட்சையில் அவள் பாஸ் பண்ணியிருப்பாள். அதையும் என்னிடம் சொல்லவில்லை.