நூற்றியொரு மூட்டைச் சீர்

ஒரு மூட்டை சிமெண்ட்கூட இல்லாமல் வீடு கட்டினேன். அதுவும் அவனியாபுரத்தில், நாலு பக்கமும் சொந்தக்காரர்களை வைத்துக்கொண்டு. என் கொழுப்புக்கு அளவே இல்லை.

கப்பலூரில் எனக்கு மண்கல் பட்டறை. மண்ணோடு சுண்ணாம்பைக் கலந்து அழுத்திக் காயவைக்கிற கல். சூளை கிடையாது, புகை கிடையாது. ஆறு மாதமாக வாங்கவும் ஆள் கிடையாது. கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்துக்காரர்கள், "உங்க வீட்டையே பாக்குறோம். கார்பன் கம்மின்னா மொத்தக் கட்டடமும் உங்க கல்லுலதான்" என்றார்கள். இதுவும் போனால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். அவர்களுடைய இன்ஜினியர் இஷ்ரத், பால் காய்ச்சுகிற அன்றே வந்துவிட்டார். சிமெண்ட் தயாரிப்பில்தான் கார்பன் அதிகம், வாசலுக்குள் இறங்குகிற சிமெண்ட் எல்லாம் கணக்கில் ஏறும் என்று முன்கூட்டியே கறாராகச் சொல்லியிருந்தார்.

அந்நேரம் பார்த்துக் கொட்டுச் சத்தம். ஒன்பது பெண்கள் தாம்பாளம் ஏந்தி வந்தார்கள். தாம்பாளத்தில் சிமெண்ட்! அரிசி மாதிரி குவித்து, மேலே குங்குமம், எலுமிச்சம்பழம். பின்னால் மாலை போட்ட லாரி. அதன்மேல் என் மச்சான் ஜெயபாண்டி, என் மனைவி தமிழ்ச்செல்வியின் அண்ணன், அழுதுகொண்டே நின்றார்.

"சுவரு பூசக்கூட வக்கில்லாம எந்தங்கச்சி மண்ணுக்குள்ள கெடக்காளாம். ஊரே சொல்லுது மாப்ள! நான் உசுரோடதான இருக்கேன்? ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

மைக் முழங்கியது. "பொறந்த வீட்டுச் சீரு, நூத்தியொரு மூட்டை சிமெண்ட்டேய்!" பெண்கள் குலவையிட்டார்கள். ஆரத்திக்காக வாசலிலேயே ஊர்வலம் நின்றது.

"சார், இது இறங்குதா, இறங்கலையா?" என்று பேனாவோடு கேட்டார் இஷ்ரத்.

சீரை மறுத்தால் தமிழ்ச்செல்விக்குப் பிறந்த வீடு இல்லை. இறக்கினால் எனக்குப் பட்டறை இல்லை. "ஏன்டி, உங்க ஆளுகளுக்கு ஒரு குத்துவிளக்கு கெடைக்கலையா?" என்று பல்லைக் கடித்தேன். அவள் என்னை முறைத்துவிட்டு மைக்கைப் பிடுங்கினாள்.

"அண்ணே, உஞ்சீரு வந்து சேந்துருச்சு, மனசு நெறஞ்சுருச்சு. அடுத்த வாரம் உம்மகளுக்குக் காதுகுத்து. அத்தை நான் வெறுங்கையோடயா வருவேன்? எஞ்சீரு நூத்தி ரெண்டு மூட்டை! லாரிய இப்பவே திருப்பு!"

வாங்கிய செய்முறையை ஒன்று கூட்டித் திருப்பிச் செய்வது எங்கள் வழக்கம். ஜெயபாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, லாரியைத் திருப்பச் சொல்லிக் கைகாட்டினார். தாம்பாளங்கள் அதே கொட்டோடு வந்த வழியே திரும்பின. குலவை முன்னைவிடப் பலமாகக் கேட்டது.

"சிமெண்ட் பூஜ்யம். ஆர்டர் உங்களுக்குத்தான்" என்றார் இஷ்ரத். "ஆனா அந்த லாரிய ரிப்போர்ட்ல என்னன்னு சார் எழுத?"

"விருந்தாளி வந்துட்டுப் போயிட்டாங்கன்னு எழுதுங்க மேடம்."

கூட்ட வேண்டிய அந்த ஒரு மூட்டைக்காக மறுவாரம் சிமெண்ட் கடைக்குப் போனேன். கடைக்காரர் மொக்கையன் பதறி எழுந்தார்.

"என்னண்ணே, வீடு விரிசல் விட்ருச்சா?"

"காதுகுத்துண்ணே."

மூட்டைக்கு மாலை போட்டுத் தோளில் சுமந்துபோனேன். ஜெயபாண்டியின் வீட்டில் நூற்றியொரு மூட்டையும் குங்குமப் பொட்டோடு அப்படியே அடுக்கிக் கிடந்தன.

"மாடி எடுக்கலாம்னுதான் நெனச்சேன் மாப்ள" என்றார். "ஆனா தங்கச்சி செஞ்ச சீர எப்புடிப் பிரிக்கிறது? மனசு வரலை. பேசாம உங்க மண்கல்லையே அனுப்பிருங்க."

தோளில் இருந்த மூட்டையை இறக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.