எவர்சில்வர் அண்ணாத்தேயின் சீட்டு

ஏகாம்பரம் ரயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சுலோசனா அடுப்படிக்குப் போய் மிக்சியைப் போட்டுவிடுவாள். அரைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் போடுவாள்.

பின்னே என்ன? மனிதர் அப்படி எந்த ஊருக்கு ரயிலேறிப் போய்விட்டார்? காசிக்கா, காஷ்மீருக்கா? பட்டாபிராமில் ஏறி சென்ட்ரலில் இறங்குவார். சவுகார்பேட்டையில் ஒரு பாத்திரக் கடையில் பகல் முழுக்கக் குண்டானையும் தாம்பாளத்தையும் தட்டித் தட்டிக் காட்டி விற்பார். பொழுது சாய்ந்ததும் மறுபடி சென்ட்ரலில் ஏறிப் பட்டாபிராமில் இறங்குவார். முப்பது வருஷத்துக்கு மேல் இதையேதான் செய்தார். செக்கு மாடுகூட இதைவிடக் கொஞ்சம் வளைந்து போகும். இதற்குப் பெயர் பயணமாம், இதில் அனுபவம் வேறாம்.

"ஜன்னலாண்ட குந்திக்கினு வந்தா மூஞ்சில அடிக்கும் பாரு காத்து, அதுக்கு எத்தினி கோடி குட்த்தாலும் தகும்" என்பார். எந்தக் காற்று? வில்லிவாக்கம் தாண்டினால் புகை, பேசின் பிரிட்ஜில் சாக்கடை. அந்தச் சாக்கடை நாற்றத்தில் மயங்கிக் கிடப்பவனே எழுந்து உட்கார்ந்துவிடுவான். அதைத்தான் இவர் கண்ணை மூடி மோந்து பார்த்து ரசித்திருக்கிறார்.

ஒரு வருஷம் பேய்மழை பெய்து ரயில் நின்றுபோனது. இவரும் இவர் கூட்டாளிகளும் வியாசர்பாடியிலிருந்து தண்டவாளத்தின் மேலேயே பாட்டுப் பாடிக்கொண்டு நடந்து வந்தார்களாம். "இன்னா ஜாலி தெரியுமா!" என்று அதை மட்டும் நூறு தரம் சொல்லியிருப்பார். அன்றைக்குத்தான் மகன் அரவிந்தனுக்குக் காய்ச்சல் கொதித்தது. முழங்கால் தண்ணீரில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சுலோசனா டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஜாலியை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

கல்யாணமான புதிதில், ராமேஸ்வரத்துக்கு ரயிலில் போகலாம், கடலுக்கு நடுவே வண்டி போகுமாமே, பார்க்கணும் என்று ஆசையாகக் கேட்டாள். "தெனம் ரயிலுதான் போறேன், லீவு நாள்லயும் ரயிலா?" என்றார் மகராசன். அந்தப் பதிலை அவள் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கூட்டாளிகள். ஒரே வண்டி, ஒரே பெட்டி, தினம் அதே முகங்கள். திருவள்ளூரில் முதலில் ஏறுகிற டில்லிபாபு கைக்குட்டையையும் செய்தித்தாளையும் போட்டு எல்லாருக்கும் இடம் பிடித்து வைப்பான். இவருக்கு ஜன்னலோர சீட்டு. மடியில் பேப்பரை விரித்துச் சீட்டாட்டம், பெட்டிச் சுவரைத் தட்டிக் கானா. முகமது இஸ்மாயில் தட்டினால் செத்த பிணமும் ஆடுமாம். அவர்கள் வீட்டுச் சுண்டலுக்கு இருந்த ருசி சுலோசனாவின் சமையலுக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் மனிதர் வாடிப்போய்விடுவார், ஏனென்றால் அன்றைக்கு அவர்களைப் பார்க்க முடியாது.

பிறகு கொரோனா வந்தது. ரயில் நின்றது. கடை முதலாளி இனி வரவேண்டாம் என்றார். ரயில் மறுபடி ஓட ஆரம்பித்தபோது ஏகாம்பரத்தின் முழங்கால் ஓட மறுத்தது. பழைய பட்டன் போன் ஒருநாள் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்தது, அதோடு எல்லாருடைய நம்பரும் போனது. நாலு வருஷமாக வீட்டில் உட்கார்ந்து, தூரத்தில் வண்டி போகிற சத்தத்தைக் கேட்டு "இது அரக்கோணம் பாஸ்ட்டு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். யார் கேட்டார்கள்?

இப்போது அரவிந்தன் முகப்பேரில் வீடு வாங்கியிருக்கிறான். லிப்ட் இருக்கிறது, கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி, அவர்களுக்கென்று தனி அறை. வந்துவிடுங்கள் என்று வாரா வாரம் கூப்பிடுகிறான். சர்க்கரையும் மூட்டுவலியுமாக இரண்டு பேர் பட்டாபிராமில் தனியாகக் கிடந்து என்ன சாதிக்கப்போகிறோம் என்பது சுலோசனாவின் கேள்வி. அங்கே போய்ப் பேரப் பிள்ளையோடு இருக்கவேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசையே கிடையாது. ஏகாம்பரம் ஒரே பிடியாக நின்றார்.

"ரயிலு சத்தம் இல்லாத ஊர்ல எனக்குத் தூக்கம் வராது. என் ஆளுங்கோ எல்லாம் இந்த லைன்லதான் கீறாங்க."

"உன் ஆளுங்களா? நாலு வருசமா ஒருத்தன் வந்து எட்டிப் பாத்தானாய்யா?"

"அவங்களுக்கு ஊடு தெரியாது. என் சீட்டு இன்னும் எனக்குன்னு கீது, பெட்டு கட்றியா?"

பந்தயம் இப்படித்தான் வந்தது. ஆயுத பூஜைக்கு முந்தின வேலைநாளில் அந்தக் கூட்டம் பெட்டிக்கு வாழைக்கன்று கட்டிப் பூஜை போடும். அன்றைக்கு இருவரும் அதே காலை வண்டியில் ஏறுவது. ஜன்னலோர சீட்டு ஏகாம்பரத்துக்காகக் காலியாக இருந்தால் பட்டாபிராமை விட்டு நகர்கிற பேச்சே கிடையாது. இல்லையென்றால், அம்பத்தூரிலேயே இறங்கி முகப்பேர் பஸ் ஏறிவிடுவது. சுலோசனா சந்தோஷமாக ஒத்துக்கொண்டாள். அந்த நேரத்து வண்டியில் காற்று நுழையவே இடம் இருக்காது, சீட்டு காலியாக இருக்குமாம்!

பூஜையன்று மனிதர் சலவைச் சட்டை போட்டு, தலைக்குச் சாயம் அடித்து, மாப்பிள்ளை மாதிரிக் கிளம்பினார். சென்ட்ரலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்தார். வண்டி வந்தது. வாசலில் வாழைக்கன்று, ஜன்னலெல்லாம் கலர் காகிதம், உள்ளே மேளம். ஆட்களோடு ஆட்களாக நசுங்கி உள்ளே போனார்கள். சுலோசனாவின் காலை மூன்று பேர் மிதித்தார்கள். கம்பியில் ஒரு தட்டு மாட்டி, அதில் சாமி படம், பொரி, கடலை, பூசணிக்காய். வண்டிக்குள் நெருப்பு கூடாது என்பதால் கற்பூரத்தைக் கொளுத்தாமலே சாமிக்குச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கொளுத்தாத கற்பூரத்துக்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டது கூட்டம். நல்ல பக்தி என்று நினைத்துக்கொண்டாள்.

"பாத்தியா!" என்று ஏகாம்பரம் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். "பாத்துக்கோ, நல்லா பாத்துக்கோ!"

பார்த்தாள். அத்தனை நெரிசலில், நிற்க இடமில்லாமல் ஆட்கள் தொங்குகிற பெட்டியில், அந்த ஜன்னலோர சீட்டு காலியாக இருந்தது. முகப்பேர் வீடும் லிப்டும் பேரனும் கண்ணுக்கு முன்னால் கரைந்து போவது போலிருந்தது. அப்புறம்தான் கவனித்தாள். சீட்டு அப்படியொன்றும் காலியில்லை. அதில் கண்ணாடி போட்ட ஒரு படத்தைச் சாய்த்து வைத்திருந்தார்கள். படத்துக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. கீழே 'கண்ணீர் அஞ்சலி - எவர்சில்வர் அண்ணாத்தே' என்று எழுதியிருந்தது. படத்தில் இருந்தது அவள் புருஷன்.

"ஏம்பா!" சுலோசனா போட்ட சத்தத்தில் மேளம் நின்றது. "நெத்தில பொட்டு வெச்சிக்கினு நான் குத்துக்கல்லு மாரி நிக்கிறேன். எங்க ஊட்டுக்காரருக்கு மாலை போட்டு வெச்சிகீறீங்களே, உங்களுக்கெல்லாம் கை வெளங்குமா?"

டில்லிபாபு திரும்பினான். அவன் கையிலிருந்த பொரி அப்படியே கொட்டியது. "அண்ணாத்தே! ஐயோ, நைனா, நீ உயிரோட கீறியா!"

முகமது இஸ்மாயில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து ஏகாம்பரத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர்தான் நடந்ததைச் சொன்னார். "கோச்சிக்காத அண்ணி. வண்டி திரும்ப வுட்டாங்க, அண்ணாத்தே வர்ல. போன் போட்டா சுச் ஆப். பட்டாபிராம்ல பாத்திரக் கடைக்காரரு ஒர்த்தரு கொரோனாவுல பூட்டாருன்னு எவனோ சொன்னான். நம்ம எவர்சில்வருதான்னு நென்ச்சிக்கினோம். வருசா வருசம் பூஜ அன்னிக்கி அவருக்குன்னு சீட்ட காலியா வுட்டு, பொரி வெச்சிக் கும்புடுறோம்."

"ஊட்டாண்ட வந்து ஒரு தரம் கேக்க முடியல?"

"ஊடு தெரியாது அண்ணி."

"பேரு? இவரு பேரு இன்னா, சொல்லு பாக்கலாம்."

இஸ்மாயில் டில்லிபாபுவைப் பார்த்தார். டில்லிபாபு தலையைச் சொறிந்தான். பாத்திரக் கடைக்காரர் என்பதால் எவர்சில்வர் என்று யாரோ வைத்த பெயரே முப்பது வருஷம் ஓடிவிட்டது. சுலோசனாவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. புருஷன் பக்கம் திரும்பினாள். "சரி, நீ சொல்லு. இந்தத் தம்பி திருவள்ளூர்ல எங்க கீறாரு? புள்ளைங்கோ எத்தினி?"

ஏகாம்பரம் எண்ணுவதற்கு விரலை மடக்கினார், மறுபடி நீட்டினார். சீட்டாட்டத்தில் டில்லிபாபு எந்தக் கையால் ஏமாற்றுவான் என்பது வரை தெரியும், அவனுக்குப் பிள்ளை உண்டா என்று தெரியாது. சிநேகம் என்றால் இதுதான் சிநேகம்!

ஆனால் அவர் முகத்தில் வருத்தம் இல்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. "செத்துப்பூட்டேன்னு நென்ச்சிகூட சீட்ட வுட்டுக் குடுக்கலயே, பாத்தியா" என்றார். ஜெயித்துவிட்டார் மனிதர். டில்லிபாபு மாலையைக் கழற்றி ஜன்னல் வழியே எறிந்தான். படத்தைத் துடைத்து சுலோசனாவின் கையில் கொடுத்தான். எல்லாரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள், மேளம் மறுபடி ஆரம்பித்தது. ஏகாம்பரம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி சீட்டை நோக்கி இரண்டடி வைத்தார்.

அதற்குள் அங்கே ஒருவன் உட்கார்ந்துவிட்டான். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது, முப்பது வயது இருக்கும். எல்லாரும் பார்ப்பதைக் கண்டு நெளிந்தான்.

"இல்லைங்க, இறந்தவர் சீட்டுன்னு சொன்னாங்க, அதான் இன்னைக்கு நின்னுக்கிட்டு வந்தேன். சார்தான் நல்லா இருக்காரே."

டில்லிபாபு ஏகாம்பரத்தின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "இவரு அருள்மொழி, அண்ணாத்தே. நம்ம செட்டுதான். மத்த நாளெல்லாம் அவருதான் அதுல குந்துவாரு. நாலு வருசமா."

அவ்வளவுதான். பிணத்துக்கு சீட்டு உண்டு, மனிதனுக்குக் கிடையாது. டில்லிபாபுவும் தன் இடத்தைத் தரவில்லை. இஸ்மாயில் மேளத்தைத் தட்டிக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வண்டி திருமுல்லைவாயலைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கூட்டம் ஆடுகிற பக்கமெல்லாம் ஆடிக்கொண்டு நின்றார். காதோரம் சாயம் வியர்வையில் கரைந்து வழிந்தது.

இதைத்தானே அவள் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்? இப்போது "பாத்தியா" என்று அவள் அல்லவா சொல்லவேண்டும்? கையிலிருந்த படத்தைப் பார்த்தாள். எந்தக் காலத்துப் பூஜையிலோ எடுத்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, பல்லெல்லாம் தெரிய, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் இப்படி ஒரு சிரிப்பை அவள் பார்த்ததே இல்லை. வயிறெரிந்தது. அந்த எரிச்சலோடேயே அருள்மொழியின் முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, எழுந்திரு. அது எங்க ஊட்டுக்காரரு சீட்டு."

அவன் பாதி எழுந்தான். ஏகாம்பரம் கையை நீட்டி அவன் தோளை அமுக்கினார்.

"வாணாம்பா, குந்து. நாங்க அம்பத்தூர்ல எறங்கிடுவோம்."

சென்ட்ரல் வரைக்கும் டிக்கெட் இருந்தது. சுலோசனா அதைச் சொல்லவில்லை. அம்பத்தூரில் இருவரும் இடிபட்டுக்கொண்டு இறங்கினார்கள். "அடிக்கடி வா அண்ணாத்தே!" என்று உள்ளேயிருந்து டில்லிபாபு கத்தினான். வண்டி நகர்ந்தது. வாழைக்கன்று தலையாட்டிக்கொண்டு போனது. ஏகாம்பரம் திரும்பிப் பார்க்காமல் படியேறினார்.

பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார்கள். ஸ்டேஷன் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ரயில் கூவிக்கொண்டு போனது. எந்த வண்டி என்று சொல்லுவார் என்று காத்திருந்தாள். சொல்லவில்லை. அதை அவளால் பொறுக்கமுடியவில்லை. நூறு தரம் மிக்சியைப் போட்டு மூடிய கதையை அவளே கேட்டாள்.

"யோவ், அந்த மழ பேஞ்ச அன்னிக்கி தண்டவாளத்துல பாடிக்கினு நடந்தீங்களே, அதச் சொல்லேன்."

ஏகாம்பரம் பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுல இன்னா கீது? மழ பேஞ்சுது, நடந்தோம்" என்றார்.