எனக்குப் பதிலாக ஒருத்தி

சாட்சி சொல்ல ஆளுக்கு மூன்று நிமிஷம் என்று பாஸ்டர் தீர்த்தகிரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதற்கு முந்தின மாதம் ஒருவர் தன் முழங்கால் வலி குணமானதைக் கால் மணி நேரம் பேசி, பிரசங்கத்தையே விழுங்கிவிட்டதால் வந்த சட்டம் அது. எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. கர்த்தர் எனக்குச் செய்ததை மூன்று நிமிஷத்தில் சொல்லி முடிக்க முடியுமா?

என் பெயர் மாதேஸ்வரி. பேரிகைப் பக்கம். ஞானஸ்நானம் எடுத்து ஒன்பது வருஷம் ஆகிறது. பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. எங்கள் பாஸ்டரே தீர்த்தமலை சாமி பெயரோடு ஊழியம் செய்யும்போது நான் எதற்கு மாற்ற வேண்டும்? ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு வயரிங் செட் செய்யும் ஒரு கம்பெனியில் லைன் லீடராக இருந்தேன். எனக்குக் கீழே பதினாலு பெண்கள். உனக்கு வாய் அதிகம் என்று என் வீட்டுக்காரர் மணிவேல் சொல்வார். வாய் இல்லாமல் பதினாலு பேரைக் கட்டி மேய்க்க முடியாது என்று நான் சொல்வேன்.

எங்கள் லைனில் வயர் முனையில் பித்தளைத் தலையை அழுத்திப் பொருத்துகிற மிஷின் ஒன்று உண்டு. வயர் சைஸ் மாறினால், ஓட்டுவதற்கு முன்னால் முதல் பீஸை நான் இழுத்துப் பார்க்க வேண்டும். தலை கழன்று வரவில்லை என்றால் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. அன்றைக்கு நான் ஷிஃப்டுக்குத் தாமதமாகப் போனேன். உபவாச ஜெபத்தில் உட்கார்ந்து நேரம் போனது தெரியவில்லை. இதைச் சொல்லவே இப்போது வெட்கமாக இருக்கிறது.

மிஷினில் கெம்பம்மா உட்கார்ந்திருந்தாள். கன்னடக்காரி, அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். தினமும் எல்லை தாண்டி வேலைக்கு வருகிற கான்ட்ராக்ட் ஆள். என்னைவிட வயதில் பெரியவள், ஆனாலும் லீடர் என்பதால் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். முதல் பீஸை எடுத்து நீட்டினாள். நான் கையால் தொடவே இல்லை. பார்த்தாச்சு, ஓட்டு என்று சொல்லிவிட்டு அடுத்த மிஷினுக்குப் போனேன். தாளில் கையெழுத்துப் போடவும் மறந்துவிட்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்து அந்த லாட் மொத்தமும் திரும்பி வந்தது. இழுத்தால் வயர் கையோடு வருகிறதாம். ஓடுகிற வண்டியில் கழன்றால் என்ன ஆகும் என்று மேனேஜர் கத்தினார். மறுநாள் விசாரணை என்றார்கள். வீட்டுக்கு வந்து முழங்கால் போட்டு, என் பெயர் மட்டும் வெளியே வராமல் இருந்தால் சபை நடுவில் சாட்சி சொல்கிறேன் ஆண்டவரே என்று பொருத்தனை செய்தேன். மனதாரத்தான் செய்தேன். அவ்வளவு பயம்.

விசாரணையில் கெம்பம்மாவையும் என்னையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். அக்காதான் ஓட்டச் சொன்னாங்க என்று அவள் சொன்னாள். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் ஓகே கொடுத்திருந்தால் தாளில் கையெழுத்து இருக்குமே சார் என்றேன். இதில் பொய் என்று ஒரு வார்த்தையைக் காட்டுங்கள் பார்ப்போம். அப்படித்தான் என் மனசாட்சிக்கும் பதில் சொல்லி வாயை அடைத்தேன். அனுமதி இல்லாமல் மிஷினை ஓட்டினாள் என்று எழுதி, அன்று மதியமே அவள் கழுத்திலிருந்த அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். போகும்போது அவள் என்னையே பார்த்துக்கொண்டு போனாள். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதைத்தான் கர்த்தர் செய்த அற்புதம் என்று சபையில் சொல்லக் கிளம்பினேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு அது, திருவிருந்து ஆராதனை. பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். மைக்கைக் கையில் வாங்கியதும் சந்தோஷ் என் பக்கத்தில் வந்து நின்றான். கீபோர்டு வாசிக்கிற தம்பி. தமிழ் தெரியாத கன்னடக்காரர்கள் யாராவது புதிதாக வந்தால், சொல்வதை ஒவ்வொரு வரியாக அவன் கன்னடத்தில் சொல்வான். எனக்கு எரிச்சலாக வந்தது. இருக்கிற மூன்று நிமிஷத்தில் பாதியை இவன் தின்றுவிடுவானே என்றுதான் நினைத்தேன். யாருக்காக மொழிபெயர்க்கிறான் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கம்பெனியில் ஒரு பெரிய பிரச்சினை வந்ததையும், என் பெயர் வந்திருக்க வேண்டியதையும் சொன்னேன். வயர், மிஷின், கெம்பம்மா பெயர் எதையும் சொல்லவில்லை. சந்தோஷ் கன்னடத்தில் சொன்னான். பொருத்தனை செய்ததைச் சொன்னேன். அதையும் சொன்னான். அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் வேத வசனத்தோடு பொருத்திச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று ஆசை வந்தது.

“ஆபிரகாம் கத்திய ஓங்குனப்ப, கர்த்தர் ஈசாக்க விட்டுட்டு ஒரு ஆட்டுக்கடாவக் காட்டுனாரு இல்லீங்களா,” என்றேன். “அதே மாதிரி எனக்குப் பதிலா வேற ஒருத்தியக் காட்டுனாரு. அவ போயிட்டா. நான் தப்பிச்சேன்.”

சபை அல்லேலூயா என்றது. பாஸ்டரும் கையைத் தூக்கி அல்லேலூயா என்றார். சந்தோஷ் மட்டும் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, பிறகு கன்னடத்தில் சொன்னான். எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப் போயிற்று.

அடுத்து பாஸ்டர் புதிதாக வந்தவர்களை வரவேற்றார். வேலை போய், அடுத்த வேலையும் கிடைக்காமல் மனம் ஒடிந்த ஒரு சகோதரியை, எங்கள் சபைக்கு வருகிற அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜெபத்துக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்றார். எழுந்து நில்லுங்கம்மா என்றார். பெண்கள் பக்கம், கடைசிப் பாயில், தூணுக்குப் பக்கத்தில் ஒருத்தி எழுந்து நின்றாள்.

கெம்பம்மா.

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. சந்தோஷ் கொண்டுபோய் மைக்கை நீட்டி, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று கன்னடத்தில் கேட்டான். அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, கம்பெனியில் கற்றுக்கொண்ட தமிழில் கேட்டாள்.

“அந்த ஆடு நானாக்கா?”

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவள் போலக் கேட்டாள். பாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. புதிதாக வந்தவளுக்கு வேதம் தெரியாது என்று நினைத்து, அந்த ஆட்டுக்கடாவுக்கு அர்த்தம் என்னவென்று பொறுமையாக விளக்க ஆரம்பித்தார். கெம்பம்மா கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு மைக்கைச் சந்தோஷிடம் கொடுத்துவிட்டு, பாய்களுக்கு நடுவே நடந்து வெளியே போய்விட்டாள்.

எழுந்து பின்னால் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. திருவிருந்து தொடங்கியது. அப்பத்தை எடுக்கும் முன் தன்னைத்தானே சோதித்துப் பார்க்க வேண்டும், யாருக்காவது உன்மேல் குறை இருந்தால் முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் என்று பாஸ்டர் மாதாமாதம் சொல்வதைச் சொன்னார். ஒன்பது வருஷமாக அதைக் கேட்கும்போதெல்லாம் என் நாத்தனாரைத்தான் நினைத்திருக்கிறேன், அவளுக்கு இது உறைக்க வேண்டுமே என்று. தட்டு என்னிடம் வந்தது. எடுக்காமல் பக்கத்திலிருந்த பாப்பம்மாவிடம் நகர்த்தினேன். அவள் தட்டைப் பிடித்தபடி வாயைத் திறந்து என்னையே பார்த்தாள். எங்கள் சபையில் அப்பத்தை ஒருத்தி எடுக்கவில்லை என்றால் அது சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டரிடமும் என் வீட்டுக்காரரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். பாஸ்டர் பிளாஸ்டிக் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். முகம் வெளுத்துவிட்டது.

“நான் அல்லேலூயா சொன்னேனேம்மா,” என்றார்.

ஜெபிக்கலாமா என்று நான்தான் கேட்டேன். இதற்கு ஜெபம் வேண்டாம், நாளைக்குப் போய் உள்ளதைச் சொல்லு, அப்புறம் ஜெபிக்கலாம் என்றார். ஒரு பாஸ்டர் ஜெபம் வேண்டாம் என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். வேலை போய்விடும் என்று மணிவேல் பயந்தார். அவளுக்குப் போய்விட்டதே என்றேன்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை ஏதோ பைத்தியம் பிடித்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். முடிந்துபோன விஷயத்தை என்னாத்துக்குத் தோண்டறீங்க, போய் வேலையைப் பாருங்க என்றார். அந்த ஒரு நிமிஷம் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. சொல்லியாகிவிட்டது, அவர்தான் கேட்கவில்லை என்று திரும்பியிருக்கலாம். கதவு வரைக்கும் போனேன். அந்தப் பழைய புத்திதான் மறுபடியும் எனக்கு வழி காட்டுகிறது என்று புரிந்தது. திரும்பி வந்து ஒரு தாள் கேட்டேன். முதல் பீஸை இழுத்துப் பார்க்காமல் ஓட்டச் சொன்னது நான், விசாரணையில் அதை மறைத்ததும் நான் என்று எழுதினேன். இந்தத் தடவை கையெழுத்துப் போட்டேன்.

புதன்கிழமை என்னை நிறுத்திவிட்டார்கள். கெம்பம்மாவைத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

என் பொருள்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு நான் வெளியே வரும்போது மதிய ஷிஃப்டு மாறுகிற நேரம். கேட்டில் கும்பல். அதற்குள்ளே அவள் வந்துகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாலையிலிருந்து அவளைத் தேடி வீட்டுக்குப் போகத் துணிச்சல் வராமல்தான் இருந்தேன். அவளை ஓரமாகக் கூப்பிட்டு, யாருக்கும் கேட்காத குரலில், தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சிடு கெம்பம்மா என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பரவாயில்லை அக்கா என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்பதுதான் உண்மை.

“மைக்குல சத்தமா சொன்னே,” என்றாள். என்னை அவள் அதுவரை ஒருமையில் பேசியதில்லை. “இத மட்டும் காதுல சொல்றே.”

கன்னத்தில் அறைந்திருந்தாலும் அப்படி வலித்திருக்காது. சுற்றிலும் பார்த்தேன். என் லைன் பெண்கள், எனக்குப் பயந்து நடந்தவர்கள், செக்யூரிட்டி, வேனிலிருந்து இறங்குகிறவர்கள். அந்தக் கம்பெனியில் நான் அதிகாரம் செய்த குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எப்படியோ அதைத் தேடி எடுத்தேன்.

“எல்லாரும் கேளுங்க. இவ மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் பாக்காமயே ஓட்டச் சொன்னேன். மாட்டிக்குவேன்னு பயந்து இவள வெளிய அனுப்ப விட்டேன்.”

நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். யாரோ செல்போனை எடுத்தார்கள். கெம்பம்மா கடைசி வார்த்தை வரைக்கும் நின்று கேட்டாள். பிறகு புது அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அவளுக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.