தங்கையின் வீடும் அண்ணனின் உயரமும்

வாடகைக்கு விட்டிருந்த வீட்டில் குழாய் ஒழுகினால் தையல்காரிக்கு இடது கண்ணில் நீர் வடியும். அங்கே சுவர் விரிசல் விட்டால் இங்கே இவள் குதிகால் வெடிக்கும். வீடு இருந்தது பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு பழைய கட்டடத்தின் கடைசி மாடியில். அவள் இருந்தது ஊரின் மறுகோடியில், பாத்திரக் கடை ஒன்றின் பின்னறையில். நடுவில் அத்தனை தெருக்கள் கிடந்தும் வலி வழி தவறாமல் வந்து சேர்ந்தது. ஒருமுறை கண் டாக்டரிடம் போனாள். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணுல ஒண்ணும் இல்லம்மா, நல்ல பிளம்பரா பாருங்க" என்றார். அவருக்கும் இரண்டு வீடுகள் வாடகையில் இருந்தன.

அவளுடைய அண்ணனுக்கு வேறு மாதிரி. அப்பா கண்ணை மூடியபோது விட்டுப்போன பணம் இரண்டு சம பங்காகப் பிரிந்தது. தங்கை தன் பங்கை முன்பணமாகக் கட்டி, மீதிக்கு வங்கியில் கடன் வாங்கி, அந்த வீட்டை வாங்கினாள். அண்ணன் தன் பங்கை அப்படியே ஷேரில் போட்டார். அன்றிலிருந்து சந்தை ஏறினால் அவர் வளர்ந்தார், இறங்கினால் குறுகினார். அவர் பேன்ட் கணுக்காலுக்கு மேல் ஏறியிருந்தால் நல்ல காலம் என்று எடுத்துக்கொண்டு தெருக்காரர்களும் நாலு காசு போட்டுப் பார்த்தார்கள். கல்யாணம் ஆகவில்லை. எந்த உயரத்துக்குப் பெண் பார்ப்பது என்று தரகர் கையை விரித்துவிட்டார். கூரை உயரமாக இருக்கிறதே என்று ஒரு பழைய கிடங்கை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தார். அவருக்குத் துணி தைப்பது தங்கைதான்.

அளவெடுக்கும்போதெல்லாம் சண்டை. "பெயின்ட் அடி, வரி கட்டு, குடியிருக்கிறவனோட மல்லுக்கட்டு. இதெல்லாம் ஒரு முதலீடா? என் ஷேர் என்னிக்காவது ஒழுகியிருக்கா?" என்பார் அண்ணன். "மழை வந்தா உன் ஷேருக்குக் கீழ ஒதுங்க முடியுமா?" என்று இவள் அவர் இடுப்பை டேப்பால் ஓர் இறுக்கு இறுக்குவாள். லாப நட்டம் அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் "காலி பண்ணுங்க" என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு, தையல் மெஷினோடு எத்தனை வாசல்களில் அவமானப்பட்டு நின்றிருக்கிறாள் என்பது அண்ணனுக்குத் தெரியாது. வாடகைப் பணம் கடனை அடைக்கும். கடன் முடிந்த அன்று மெஷினோடு அங்கே குடியேறுவாள். அதற்குப் பிறகு எந்தக் கொம்பனும் அந்தச் சொல்லை அவளிடம் சொல்ல முடியாது. அன்றைக்கு அங்கே குடியிருப்பவரிடம் அந்தச் சொல்லை யார் சொல்வது என்று மட்டும் அவள் யோசிக்கவில்லை. வீடு வாங்குகிற அவசரத்தில் யாரும் யோசிப்பதில்லை.

ஒரு கோடையில், குடியிருந்த நர்ஸ் குடும்பம் மாற்றலாகிப் போனது. வீடு காலியாகக் கிடந்தது. தையல்காரிக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் வயிறு நிரம்பவில்லை. பேசினால் குரல் எதிரொலித்தது. "கை நீளம் எவ்வளவு?" என்று கேட்டால் "எவ்வளவு, எவ்வளவு" என்று அவள் நெஞ்சுக்குள்ளிருந்தே திரும்பி வந்தது. வாடிக்கையாளர்கள் பயந்து ரெடிமேட் கடைக்குப் போனார்கள். தவணை இரண்டு தவறியது. அந்த வருஷம் அண்ணன் மூச்சு விடாமல் வளர்ந்துகொண்டிருந்தார். பின்னறைக்குள் முட்டி போட்டு நுழைந்தார், கூடவே ஒரு வீட்டுத் தரகரையும் கூட்டி வந்தார். "நல்ல விலை வந்திருக்கு. வித்துட்டுப் பணத்த எங்கிட்டக் குடு. கடனக் கட்டினது போக மிச்சத்த வெச்சே பின்னால ரெண்டு வீடு வாங்கலாம். காலி வீட்டக் கட்டிக்கிட்டு ஏன் மாரடிக்கிற?"

அவர் சொன்ன கணக்கு சரிதான். அதுதான் அவளுக்கு ஆத்திரத்தை மூட்டியது. வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் குத்தினாள். "விக்க மாட்டேன்." எதிரொலி "மாட்டேன், மாட்டேன்" என்றதில் தரகர் ஓரடி பின்வாங்கினார். "ஊரே கூடி வந்து கணக்குப் போட்டுக் காட்டினாலும் விக்க மாட்டேன். நட்டமா? என் நட்டம். என் வீடு. நீ பெரிய ஆளா இருந்தா அத உன்னோட வெச்சுக்கோ!"

"இங்க பாரு, நீண்ட கால நோக்குல பார்த்தா…" என்று அண்ணன் ஆரம்பித்தார். அந்த நேரத்தில்தான் சந்தை விழுந்தது. சட்டைக் காலர் முதலில் காதுக்கு ஏறியது, பிறகு நெற்றிக்கு. வாக்கியம் முடிந்தபோது அவர் தரையில் கிடந்த சட்டைக்குள் எங்கேயோ இருந்தார். தரகர் செருப்பைத் தேடக்கூட நிற்கவில்லை.

தையல்காரி சட்டையை உதறி, ஒரு சாண் உயரத்தில் இருந்த அண்ணனை எடுத்துக் கைக்குட்டையால் சுற்றி, பொத்தான் டப்பாவின் மேல் உட்காரவைத்தாள். "நான் சொன்னேன்ல" என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. சொல்லியும் விட்டாள். "நான் விக்கல" என்றார் அவர், கொசுக் குரலில். "விக்காத வரைக்கும் நட்டம் இல்ல. ஒரு ஷேரைக்கூடத் தொட மாட்டேன்." ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள், வேறென்ன. அவள் அந்தக் கைக்குட்டையிலேயே அவருக்குக் கால்சட்டை வெட்டினாள். அண்ணன் போட்டுப் பார்த்தார். விளிம்பைப் புரட்டினார். உள்ளே துணி மடிப்பு மடிப்பாகத் தைத்திருந்தது. பிரித்துவிட்டால் ஒரு முழம் வரும்.

"எதுக்கு இவ்வளவு துணி உள்ள விட்ட?"

"வளர்ற புள்ளைக்கு அப்படித்தான் தைப்பாங்க."

அண்ணன் விளிம்பை மறுபடி மடித்துவிட்டு உட்கார்ந்தார். பொத்தான் டப்பா லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அழுதார் என்றே சொல்ல வேண்டும்.

கிடங்கின் சொந்தக்காரர் காலி பண்ணச் சொன்னார், சாண் மனிதருக்கு எதற்குக் கிடங்கு என்று. ஆகவே அண்ணன் தங்கையின் வீட்டுக்குக் குடிபோனார், சும்மா அல்ல, வாடகைக்கு. அவர் வாசற்படியைத் தாண்டிய கணத்தில் இவள் குரலில் எதிரொலி நின்றது. ஷேருக்கு டிவிடெண்டாக வந்த பணத்தை அவர் வாடகையாகக் கொடுத்தார். போதாததற்கு அவள் விடிய விடியச் சீருடை தைத்தாள். வருஷங்கள் போயின. சந்தை தவழ்ந்து, எழுந்து, நடக்க ஆரம்பித்தது. கால்சட்டையின் மடிப்புகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. கடன் முடிந்த அன்று தையல்காரி மெஷினை வண்டியில் ஏற்றி வந்து, வண்டிக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் வர, நாலு மாடி ஏறி வந்து சேர்ந்தாள். கதவு திறந்திருந்தது. சராசரி உயரத்தைத் தாண்டிவிட்ட அண்ணன் பெட்டியைக் கட்டிவைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

"காலி பண்ணிட்டேம்மா. சாவி இந்தா."

"யார் உன்னக் காலி பண்ணச் சொன்னது?" அவள் போட்ட சத்தத்தில் வண்டிக்காரர் மெஷினைக் கீழே வைத்துவிட்டார். "என் வீட்டுல அந்த வார்த்தைய யாரும் பேசக் கூடாது. நானும் பேச மாட்டேன். பெட்டியப் பிரி. வாடகை மட்டும் ஒண்ணாந்தேதி வந்துடணும்."

அண்ணன் பெட்டியைப் பிரித்தார். சந்தை அதன்பின் நிற்கவே இல்லை. ஒரு காலையில் அவர் தலை கூரையில் இடித்தது, அடுப்படியில் நின்ற தங்கை "ஆ" என்று உச்சந்தலையைப் பிடித்துக்கொண்டாள். ஷேரை விற்று உயரம் குறைய அவர் நினைக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. மொட்டை மாடியில் குடம் கவிழ்த்த மாதிரி ஒரு மேடு எழும்பியது, அவள் தலையில் எலுமிச்சை அளவுக்கு ஒன்று. கட்டடத்தின் மற்ற வீட்டுக்காரர்கள் கூட்டி வந்த கொத்தனார் மேட்டைத் தட்டிப் பார்த்து, இடித்துச் சமமாகப் பூசிவிடலாமா என்று கேட்டார். தையல்காரி தன் உச்சியைத் தடவிக்கொண்டே, "அது பாட்டுக்கு இருக்கட்டும். இன்னும் கொஞ்சம் ஏறும்" என்றாள். கீழ்வீட்டுக்காரர்கள் துணி காயப்போடும் கயிற்றைச் சற்றுத் தள்ளிக் கட்டிக்கொண்டார்கள்.