ஐந்து பேர், ஆறு பூட்டு

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கையெழுத்தால் வந்த வினை. ஊற்று, உந்துதல் என்றெல்லாம் எழுதுகிறவர்கள் சொல்வார்கள். எனக்கு அதெல்லாம் கிடையாது. நான் ஏழாம் வகுப்பு. முப்பத்தொரு வருஷம் சலவை ஆலையில் ஆஸ்பத்திரிப் போர்வைகளைக் காயவைத்தவன். அங்கே என்னை வக்கீல் என்று கூப்பிடுவார்கள். யார் எதைச் சொன்னாலும் குறுக்கு விசாரணை செய்வேனாம்.

போன செவ்வாய்க்கிழமை மடிப்பக்கா என் வீட்டுக்கு வந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள்தான். ஆலையில் எல்லோருக்கும் அக்கா, அதனால் எனக்கும் அக்கா. இப்போது ஆலைக்கே தலைமை அவள். கையில் ஒரு தாள் வைத்திருந்தாள். புதிதாக இன்சார்ஜ் ஆகிறவர்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்களாம். 'இந்த இடத்துக்கு நான் லாயக்கில்லை என்ற பயத்தை எப்படி வென்றேன்' என்று அவள் ஒரு பக்கம் எழுதியிருக்கிறாள். கூட இருந்தவர் ஒருவர் 'நடந்தது இதுதான்' என்று கீழே கையெழுத்துப் போட்டால் படிக்கிறவர்கள் நம்புவார்களாம்.

"அன்னிக்கு இருந்தவங்கள்ல நீங்கதாண்ணே மிச்சம்."

"விசில் இருக்கானே. செத்துட்டானா?"

"இருக்கான். அவன்கிட்டப் போய் எப்படிண்ணே கேக்கறது?"

ஏன் கேட்க முடியாது? அங்கேயே எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது. படித்துப் பார்க்கிறேன் என்று தாளை வாங்கி வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று போனாள்.

தாளில் பதினெட்டு வரி. பதினேழு சரி. ஒரு வரியில் 'உடனே' என்று ஒரு சொல் இருக்கிறது. அது பொய். நான் கையெழுத்துப் போடலாமா, கூடாதா? அதைக் கண்டுபிடிக்கத்தான் எழுதுகிறேன். கண்டுபிடித்தால் உங்களுக்கும் சொல்வேன். (சொல்வேன் என்று நம்பிவிடாதீர்கள்.)

2

தொடக்கம் ஒன்று: 'நீராவி மேகம் மேகமாக எழுந்து, வெள்ளைப் போர்வைகள் அன்னப் பறவைகளைப் போல'

என் மனைவி படித்துவிட்டு, "எந்த ஆலையில அன்னப் பறவை பறந்துச்சு? வீட்டுக்கு வந்தா சட்டையில பிளீச்சிங் பவுடர் நாத்தம்தானே அடிச்சுது" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: 'மடிப்பக்கா ஒரு நேர்மையான'

இதையும் நிறுத்திவிட்டேன். அதைத்தானே விசாரித்துக்கொண்டிருக்கிறேன்? தீர்ப்பை முதல் வரியில் எழுதிவிட்டால் வழக்கு எதற்கு?

தொடக்கம் மூன்று: பூட்டு. சரி, இதை யாரும் மறுக்க முடியாது.

எங்கள் டிரையர் வீட்டில் வைத்திருக்கிற சாமான் இல்லை. உள்ளே மூன்று பேர் நிற்கலாம். போர்வை அச்சில் சுற்றிக்கொண்டால் ஆள் இறங்கித்தான் வெட்டி எடுக்க வேண்டும். அந்த நேரம் வெளியே எவனாவது சுவிட்சைப் போட்டான் என்றால், போர்வையோடு போர்வையாகச் சுற்ற வேண்டியதுதான். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். வேலையில் கைவைக்கிற ஒவ்வொருவரும் மெயின் சுவிட்சுக் கம்பியில் தன் பூட்டை மாட்டிப் பூட்டிவிட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாப் பூட்டும் கழன்றால்தான் சுவிட்ச் நகரும். அடுத்தவன் பூட்டைப் பெற்ற அப்பனே ஆனாலும் தொடக்கூடாது. எங்களுக்கு வெள்ளைப் பூட்டு, எல்லாம் ஒரே மாதிரி.* இன்சார்ஜுக்கு மட்டும் சிவப்பு. சிவப்பு முதலில் ஏறும், கடைசியில் இறங்கும்.

* பூட்டில் பேர் எழுதக்கூடாதா என்று கேட்பீர்கள். எழுதினோம். அந்த நீராவியில் மூன்று மாதத்தில் பேர் போய்விடும், பூட்டு இருக்கும்.

3

மடிப்பக்கா பதினோரு வருஷம் மடிப்பு மேசையில் நின்று போர்வை மடித்தவள். டிரையரில் போர்வை சுற்றிக்கொண்டால் வெள்ளைப் பூட்டோடு அவளும் வருவாள். பழைய இன்சார்ஜ் ஓய்வு பெற்றதும் அவளைத் தூக்கி அந்த இடத்தில் வைத்தார்கள். விசிலுக்குத்தான் கிடைக்கும் என்று எல்லோரும் நினைத்திருந்தோம், விசில் உட்பட. வேலை செய்யும்போது சதா விசிலடிப்பான். இயந்திரம் முனகுவதைக் கேட்டே எங்கே நோவு என்று சொல்லிவிடுவான்.

அவளுக்கு அந்தப் பதவி உடம்பில் ஒட்டவில்லை. நாற்காலியில் உட்கார மாட்டாள், அழுக்குத் துணி மூட்டைமேல் உட்காருவாள். "அண்ணே, அந்த வால்வைக் கொஞ்சம் திருப்ப முடியுமா?" என்று கெஞ்சுவாள். வால்வைத் திருப்புவதற்கு என் சம்மதம் எதற்கு? ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"தப்பா என்னைப் போட்டுட்டாங்கண்ணே. எவனோ ஒருத்தன் வரப்போறான். 'ஏம்மா, உன்னை யாரு இங்க உக்கார வெச்சது?'ன்னு கேக்கப்போறான். படிக்கட்டுல செருப்புச் சத்தம் கேட்டாலே அவன்தானோன்னு எட்டிப் பாக்கறேன்."

"எனக்கும் அதே சந்தேகம்தான்" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

(இந்த இடத்தில் என் மனைவி, "பாவம்ங்க அந்தப் பொண்ணு" என்றாள். அடக்கமாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம். 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்கிறவன் பாதி நேரம் 'இல்லை, உனக்குத் தெரியும்' என்று நம்மைச் சொல்லவைக்கப் பார்க்கிறான். அவளும் அப்படியா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.)

4

அவள் இன்சார்ஜ் ஆன புதிது, ஒரு நாள் காலை பத்து மணி. ஒன்றாம் டிரையரில் போர்வை சுற்றிக்கொண்டது. ஐந்து பேர் கைவைத்தோம். அக்கா, நான், விசில், எண்ணெய் போடுகிற அண்ணன் தம்பி இரண்டு பேர். (அந்த இரண்டு பேரும் கதைக்கு வேண்டாம். ஆனால் இருந்தார்கள், என்ன செய்ய?) பூட்டுகள் ஏறின. விசில் உள்ளே இறங்கி வெட்டினான். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. அவரவர் பூட்டை அவரவர் கழற்றினோம். அக்கா சிவப்பைக் கழற்றினாள்.

கம்பியில் ஒரு வெள்ளைப் பூட்டு மிச்சம்.

"யாரோடது?"

நாங்கள் நாலு பேரும் கையை விரித்துக் காட்டினோம். நாலு பூட்டு, நாலு சாவி. அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு தானே உள்ளே இறங்கி, மூலை மூலையாகப் பார்த்துவிட்டு ஏறினாள். உள்ளே ஒருவரும் இல்லை. அதற்குள் மேனேஜர் படியிறங்கி வந்துவிட்டார். வாசலில் மூன்று ஆஸ்பத்திரி வண்டிகள் காத்திருந்தன.

"என்னம்மா, பூட்டு தானா முளைச்சுதா? உன் ஆளுங்க என்ன பண்றாங்கன்னு உனக்கே தெரியாதா?"

செருப்புச் சத்தக்காரன் வந்தேவிட்டான் என்று அவள் நினைத்திருப்பாள். (அவள் நினைத்தது எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. கதை எழுதுகிறவர்கள் இப்படித்தான் அடுத்தவர் மண்டைக்குள் கூசாமல் நுழைகிறார்கள் போலிருக்கிறது.) அவள் விசிலின் பக்கம் திரும்பினாள்.

"போன வாரம் பூட்டு தொலைஞ்சுதுன்னு ஸ்டோர்ல புதுசு வாங்குனியே. இது அந்தப் பழசா?"

"ஏன்க்கா, தொலைஞ்ச பூட்டு நடந்து வந்து தொங்குமா?"

"வேணும்னே மாட்டினியா? என்னை அசிங்கப்படுத்தவா?"

"அதுக்குப் பூட்டு எதுக்குக்கா? நீங்க போடற ஷிப்ட் லிஸ்ட்டே போதுமே."

எண்ணெய்க்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அதுதான் அவனுக்கு வினையாகப் போனது. மேனேஜர் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் விசிலுக்கும் உறைத்தது.

"நம்ம வக்கீலைக் கேளுங்க சார். சுவிட்ச் பக்கத்துலயே நின்னாரு. நான் ரெண்டு பூட்டா மாட்டினேன்? சொல்லுய்யா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் கவனிக்கல" என்றேன்.

விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று மேனேஜர் அவனை அனுப்பிவிட்டார். வேலையே போய்விடும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அவன் படி தாண்டினான். பிறகு அக்கா பூட்டு வெட்டுகிற கட்டரை என்னிடம் கொடுத்தாள். முகத்தைத் துடைக்கக் கைக்குட்டை தேடிக் கோட்டுப் பையில் கையை விட்டாள். போன கை திரும்ப வரவில்லை. நான் பூட்டை வெட்டி எடுத்து, சுவிட்சைப் போட்டு, டிரையர் சுற்றத் தொடங்கிய பிறகும் அவள் கை பைக்குள்ளேயே இருந்தது.

இப்போது தாளைப் படிக்கிறேன், கேளுங்கள். 'பழைய வெள்ளைப் பூட்டை நான் ஸ்டோரில் திருப்பித் தரவில்லை. நாளைக்கே மடிப்பு மேசைக்குத் திரும்பச் சொன்னால் வேண்டுமே என்று வைத்திருந்தேன். அன்று சிவப்போடு அதையும் கைப்பழக்கத்தில் மாட்டியிருக்கிறேன். பையில் அதன் சாவி தட்டுப்பட்டது. உடனே எல்லோர் முன்பும் ஒத்துக்கொண்டேன்.'

உடனேவாம்.

5

மூன்று நாள். அந்தச் சொல்லுக்குள் மூன்று நாள் அடைத்துவைக்கப்பட்டிருக்கிறது.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் அவள் என் டிரையர் பக்கம் வந்து, காயாத போர்வை ஒன்றைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணே, அன்னிக்கு நீங்க ஒண்ணும் பாக்கலதானே?"

இது கேள்வியா, வேண்டுகோளா? அவளுக்கு என்மேல் சந்தேகமா, இல்லை என்னை விலைபேசுகிறாளா?

"கண்ணு இப்பல்லாம் முன்ன மாதிரி இல்லக்கா" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் மத்தியானம், வெட்டுப்பட்ட பூட்டையும் சாவியையும் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள். அரை மணி நேரம் கழித்து இறங்கி வந்து எல்லோரையும் கூப்பிட்டாள். சாவியைப் பூட்டில் போட்டுத் திருப்பிக் காட்டினாள்.

"பூட்டு என்னோடது. அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. சொன்னா என்னை நாற்காலியிலேருந்து எழுப்பிவிட்டுடுவாங்கன்னு பயந்து மூணு நாள் வாயை மூடிட்டு இருந்தேன். விசில் நாளைக்கு வருவான். எனக்குக் கீழ வேலை செய்ய இஷ்டமில்லாதவங்க இப்பவே சொல்லிடுங்க."

எண்ணெய்க்காரர்களில் மூத்தவன், "அதெல்லாம் இருக்கட்டும்க்கா, ரெண்டாம் டிரையர் சூடேறல. அதை முதல்ல பாருங்க" என்றான்.

அவள் என்னைப் பார்த்து, "வால்வைத் திருப்புங்கண்ணே" என்றாள். 'முடியுமா' வரவில்லை. நான் திருப்பினேன்.

(விசில் அதற்குப் பிறகு விசிலடிக்கவே இல்லை என்று எழுத ஆசையாக இருந்தது. பொய். வந்த அன்றே அடித்தான், முன்னைவிட அபஸ்வரமாக.)

அவள் பயத்தை வென்றாள் என்றால் அந்த மூன்று நாளில்தான் வென்றாள். அதை ஏன் தாளிலிருந்து வெட்டினாள்? பக்கம் போதவில்லையா? வெட்கமா? இல்லை, இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் செருப்புச் சத்தம் அவளுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறதா? முழுசாக வென்றவளுக்குச் சாட்சிக் கையெழுத்து எதற்கு?

இந்த இடத்தில் நிறுத்திவிடலாம் என்று பார்த்தேன். அக்காவைக் கூண்டில் ஏற்றியாகிவிட்டது, கதைக்கு நல்ல முடிவு. மனைவி நான் எழுதியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏங்க, நீங்க எங்க நின்னீங்கன்னு எழுதியிருக்கீங்க. என்ன பாத்தீங்கன்னு எழுதலையே?" என்றாள்.

நாற்பது வருஷம் வக்கீலோடு குடித்தனம் செய்தால் இதுதான் கதி.

6

பார்த்தேன்.

சிவப்புப் பூட்டை அவள் மாட்டியதைப் பார்த்தேன். அப்புறம் அவள் கை தானாகவே இன்னொரு பைக்குள் போய், வெள்ளைப் பூட்டை எடுத்து, மாட்டி, பூட்டி, சாவியைப் பைக்குள் போட்டதைப் பார்த்தேன். கண் போர்வைமேல், கை பூட்டின்மேல். பதினோரு வருஷப் பழக்கம். இரண்டு பூட்டு மாட்டுகிறாளே என்று நினைத்தேன். 'அக்கா, ரெண்டு' என்று

இரண்டு சொல். சொல்லவில்லை.

பார்ப்போமே என்று நினைத்தேன். இவள் லாயக்கா இல்லையா என்று இன்று தெரிந்துவிடும். அவள் மாட்டிக்கொள்வாள் என்றுதான் எதிர்பார்த்தேன். விசில் மாட்டிக்கொள்வான் என்று தெரியாது. அவன் மாட்டிக்கொண்ட பிறகு வாயைத் திறந்தால், 'முதல்லயே ஏன் சொல்லல?' என்று என்னைக் கேட்பார்கள். அதனால் கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அவள் பயந்துகொண்டிருந்த ஆள் படிக்கட்டில் வரவேயில்லை. பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

அவள் மூன்று நாளில் சொல்லிவிட்டாள். நான் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கையை வைத்துக்கொண்டு 'நடந்தது இதுதான்' என்று எப்படிப் போடுவேன்? போடமாட்டேன் என்றுதான் எந்த முகத்தோடு சொல்வேன்?

7

இன்று சனிக்கிழமை. விசிலுக்குப் போன் போட்டேன். 'உடனே' பற்றிக் கேட்கத்தான். (அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.)

"யாரு, வக்கீலா? இன்னும் இருக்கியா நீ?"

தாளைப் படித்துக் காட்டினேன். கடகடவென்று சிரித்தான்.

"மூணு நாள்யா. மூணாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கே வந்துச்சு அக்கா. என் பொண்டாட்டி கதவைத் திறக்கல. வெளிய நின்னுக்கிட்டே ஜன்னல் வழியா மன்னிப்பு கேட்டுச்சு. அதை எழுதச் சொல்லு, புத்தகம் நல்லா இருக்கும்."

"அப்ப நான் கையெழுத்து போடட்டுமா, வேணாமா?"

"உன் கை, உன் இஷ்டம். அக்காமேல எனக்கு ஒண்ணும் இல்ல. தெரியாம மாட்டுச்சு, பயந்துச்சு, வந்து சொல்லிடுச்சு." கொஞ்சம் நிறுத்தினான். "ஆனா உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். நீ அவ்வளவு பக்கத்துல நின்னியே. நிஜமாவே பாக்கலையா?"

இந்தக் கேள்விக்கு இரண்டு பதில் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் சொல்லிவிடுகிறேன், அவன் போனை வைத்துவிடுகிறான். இன்னொன்றில் கண் முன்ன மாதிரி இல்லை என்கிறேன், அவன் நம்பிவிடுகிறான். இரண்டாவதுதான் எனக்கு அதிகப் பயமாக இருக்கிறது. எதையும் இங்கே சேர்க்கப்போவதில்லை. முடிவு எழுதுகிற தகுதி இந்த வழக்கில் எனக்கு இல்லை.

அவன் இன்னும் போனில்தான் இருக்கிறான், மூச்சு கேட்கிறது. நீங்கள் முதல் வரியிலிருந்து என் பக்கத்திலேயே நிற்கிறீர்கள், எல்லாவற்றையும் பார்த்தீர்கள். அவன் உங்களைக் கேட்டால், கவனிக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.